தொண்ணூறு நாளுக்கு ஓர் அறை

பாளையங்கோட்டை
21.1.2025

ஞானம்பாளுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கக் கை வரவில்லை. நீ பிரிந்து போன இந்த ஏழு வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போன் செய்தால் எடுக்க மாட்டாய். எடுத்தாலும் நான் இரண்டாவது பேச்சிலேயே குரலை உயர்த்திவிடுவேன். அதனால் உன் தம்பி சிவசைலத்தின் கையில் கொடுத்தனுப்புகிறேன். தினமும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வேலைக்கு வருகிறவன்தானே, தபால்காரன் வேலையையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

பொங்கலன்று நம் பிள்ளை லேகாவுக்கு நடந்தது உனக்கும் தெரியும். அவளோடு ஒரே அறையில் தங்கிப் படிக்கும் அந்தக் காயல்பட்டினத்துப் பெண் அஃப்ரா உனக்கும் எனக்கும் தனித்தனியாகப் போன் செய்து, ஒரே செய்தியை இரண்டு தடவை சொல்லி இரண்டு தடவை அழுதிருக்கிறாள். மழையில் ரோட்டைக் கடந்தவளைக் கார் தட்டிவிட்டது. தலைக்குள் ரத்தக் கட்டு. அறுவைச் சிகிச்சை முடிந்தது. இன்னும் நினைவு வரவில்லை. வாரக்கணக்கில் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம், பழகிய குரல் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று பெரிய டாக்டர் சொன்னாராம்.

அப்படியென்றால் இது போய்ப் பார்த்துவிட்டு வருகிற பயணம் இல்லை. அவள் படிக்கும் பத்தூமி, ஜார்ஜியா நாட்டில் கருங்கடல் ஓரத்து ஊர். அங்கே போய்க் குடியிருக்க வேண்டும். விசா தொண்ணூறு நாளுக்குத்தான் தருவார்கள். நான் முப்பத்திரண்டு வருடம் பொதுப்பணித்துறையில் கால்வாய்க்கும் மடைக்கும் எஸ்டிமேட் போட்டவன். தாளும் பென்சிலும் இல்லாமல் எனக்கு யோசிக்க வராது. நாலு நாளாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒருவர் போய் ஓட்டலில் தங்கினால் இருபது நாள் தாங்கும். இரண்டு பேர் போய், ஓர் அறை எடுத்து, நாமே சமைத்துச் சாப்பிட்டால் தொண்ணூறு நாளும் தாங்கும். இரண்டு பேருக்கு இரண்டு அறை என்றால் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஓர் அறையில் என்னோடு இருக்க உனக்குச் சம்மதமா என்று கேட்கத்தான் இத்தனை வரிகள். பாஸ்போர்ட்டுக்கு இன்றே விண்ணப்பித்துவிடு. எனக்கும் கிடையாது, நாளைக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
குமரகுருபரன்


கல்லிடைக்குறிச்சி
23.1.2025

திரு. குமரகுருபரன் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. "நம் பிள்ளை" என்று எழுதியிருந்தீர்கள். நான் மதுரையில் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டு வருவதற்குள், பதினைந்து வயதுப் பிள்ளையைப் பெட்டியோடு கொண்டுபோய் விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தீர்களே, அன்றைக்கு அவள் உங்கள் பிள்ளையாக மட்டும்தானே இருந்தாள்? "உன்கிட்ட சொன்னா அழுவே, அதான் சொல்லல" என்று அன்று நீங்கள் சொன்னது இன்னும் என் காதில்தான் இருக்கிறது. ஏழு வருடமாக அதற்குத்தான் பேசாமல் இருக்கிறேன், உங்கள் சமையல் பிடிக்காமல் இல்லை.

சண்டை போட இது நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். தனியாகவே போய்விடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் தமிழ் வாத்திச்சி. எனக்கு இங்கிலீஷ் "எஸ்"ஸையும் "நோ"வையும் தாண்டாது. நான் போன பெரிய தூரம் ராமேசுவரம். டாக்டர் வந்து ஏதாவது சொன்னால் நல்லது சொல்கிறாரா கெட்டது சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு உங்களோடு ஓர் அறையில் இருப்பது தேவலை.

அறையில் ஒரு ஜன்னலாவது இருக்க வேண்டும். அடுப்பு தனியாக இருக்க வேண்டும். மாமிசம் சமைத்த சட்டியில் நான் சமைக்க மாட்டேன், அந்த ஊரில் அது எவ்வளவு கஷ்டமானாலும் சரி. லேகாவின் பக்கத்தில் உட்காரும் முறை பாதி நேரம் எனக்கு, பாதி நேரம் உங்களுக்கு. அங்கே நான் அழுதால் "அழாதே" என்று நீங்கள் சொல்லக் கூடாது. இதில் எதையாவது நீங்களாகத் திருத்தினால் நான் வரவில்லை.

பாஸ்போர்ட்டுக்கு நேற்றே எழுதிப் போட்டாயிற்று. சிவசைலம் துணைக்கு வந்தான். பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லா விடுப்புக்கும் சொல்லியிருக்கிறேன்.

ஞானம்பாள்


பாளையங்கோட்டை
31.1.2025

ஞானம்பாளுக்கு,

உன் நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் சம்மதம். தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

அஃப்ரா மூன்று இடம் பார்த்துப் படம் அனுப்பியிருக்கிறாள். கடலைப் பார்த்தபடி இருக்கும் உயரமான அடுக்குமாடியில் ஒன்று. குளிர்காலத்தில் யாரும் வராததால் இப்போது சல்லிசு. ஆனால் வெயில் வந்து ஊர்சுற்றுகிறவர்கள் வர ஆரம்பித்தால் வாடகை மூன்று மடங்காகுமாம். நம் தொண்ணூறு நாளில் கடைசி மாதம் அதில் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று தரைத்தளம், சுவரெல்லாம் ஈரம். மூன்றாவதைத்தான் நான் முடித்திருக்கிறேன். பழைய கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து ஏறலாம். ஒரு கட்டில், ஒரு மேஜை. அடுப்படி நடைபாதை மாதிரி நீளமாக இருக்கிறது. அங்கே பாய் விரித்து நான் படுத்துக்கொள்வேன். ஜன்னல் இருக்கிறது. கடல் தெரியாது, எதிர்வீட்டுத் துணிக்கொடிதான் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம், இருபது நிமிடம். மழை பெய்தால் சின்ன வேன் ஓடுகிறது. மழை அங்கே மாஞ்சோலை மாதிரி, நினைத்தால் பெய்யும். சுற்றுமலையில் தேயிலைகூட உண்டாம். கடற்கரையில் மணலே இல்லை, முழுக்கக் கூழாங்கல். செருப்பு நல்லதாக எடுத்துக்கொள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பீன்ஸ் விதையை வேகவைத்துக் குழம்பு மாதிரி வைக்கிறார்கள். கத்தரிக்காய் கிடைக்கும். அரிசி கிடைக்கும், நம் அரிசி மாதிரி இருக்காது. சட்டி விஷயத்தை அஃப்ராவிடம் சொன்னேன். "அங்கிள், அந்த மாதிரிச் சட்டி கேட்டா இங்க சிரிப்பாங்க. புதுசா ரெண்டு வாங்கிருவோம், அது நம்ம ஆன்ட்டிக்கு மட்டும்" என்றாள். நல்ல பிள்ளை. நம் பிள்ளைக்கு நல்ல துணை கிடைத்திருக்கிறது.

லேகாவுக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது.

குமரகுருபரன்


கல்லிடைக்குறிச்சி
5.2.2025

லேகாவின் அப்பாவுக்கு,

பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதற்கு முன்னால் விசாரிக்க வந்த போலீஸ்காரர் செய்த கூத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. சின்னப் பையன்தான். வாசலில் நின்றுகொண்டு, "யக்கா, வீட்டுக்காரரு எங்கன இருக்காரு?" என்றான். பாளையங்கோட்டையில் என்றேன். "நீங்க இங்கன இருக்கீய, அவரு அங்கன இருக்காரு. பின்ன வெளிநாட்டுக்கு யாரு கூடப் போறீய?" என்றான். அவர் கூடத்தான் என்றேன். நோட்டை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தான். எதிர்வீட்டு வடிவம்மாள் சும்மா இருப்பாளா? "எய்யா, இந்த ஊர்ல ஒண்ணா இருக்கத்தான் ஆவாது, அந்த ஊர்ல ஆவும். நீ எழுதிக்கிட்டுப் போ" என்றாள். மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்ததற்காகப் பிறகு அழுதேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அஃப்ரா லேகாவின் காதருகே போனை வைக்கிறாள். நான் பேசுகிறேன். முதல் இரண்டு நாள் "லேகா, லேகா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. பிறகு எட்டாம் வகுப்புப் பேப்பர் கட்டை எடுத்துவைத்து வாசிக்க ஆரம்பித்தேன். சின்னதில் நான் பேப்பர் திருத்தும்போது மடியில் படுத்துக்கொண்டு, தப்பான விடைகளை மட்டும் வாசிக்கச் சொல்லிச் சிரிப்பாளே. ஆற்றினால் நமக்கு உண்டாகும் பயன்கள் யாவை என்ற கேள்விக்கு ஒருவன், "எருமை நிம்மதியாகக் கிடக்கலாம்" என்று எழுதியிருக்கிறான். அதை வாசித்தபோது வலதுகைச் சுண்டுவிரல் அசைந்தது என்று அஃப்ரா சத்தியம் செய்கிறாள். டாக்டர் அது தானாக அசைவதுதான் என்றாராம். டாக்டருக்கு என்ன தெரியும்? அவர் அந்தப் பேப்பரை வாசித்தாரா?

புளிக்காய்ச்சல் கிண்டி வைத்திருக்கிறேன். அப்பளம் நாலு கட்டு, சுண்டவற்றல், மோர்மிளகாய். கம்பளிக்கோட்டு ஊட்டிக்குப் போன சயின்ஸ் டீச்சரிடம் இரவல் வாங்கினேன், எனக்குத் தோளில் தொங்குகிறது. உங்களுக்குக் கோட்டு இருக்கிறதா? இல்லையென்றால் சிவசைலத்திடம் சொல்லியனுப்புங்கள்.

என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. மூன்று மாடி என்ன, பிள்ளை இருக்கும் ஊரில் பத்து மாடியும் ஏறுவேன். விசாவுக்கு உடனே எழுதிப் போடுங்கள்.

ஞானம்பாள்


பாளையங்கோட்டை
14.2.2025

ஞானத்துக்கு,

இருவருக்கும் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டேன். உன் விண்ணப்பத்தையும் என் மின்னஞ்சலிலிருந்தேதான் அனுப்பினேன். பதில் இங்கேதான் வரும். பத்து வேலைநாள்வரை ஆகலாம் என்று போட்டிருக்கிறது.

லேகாவை வேறு வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே செல்போனுக்கு அனுமதி இல்லையாம். அதனால் ஆறு மணிப் பேச்சு இனி முடியாது. வருத்தப்படாதே. அஃப்ராவுக்கும் பரீட்சை நெருங்குகிறது, போன் செய்து அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம். சேதி எதுவானாலும் எனக்கு ஒரு வரி அனுப்பிவிடுவாள். நான் உனக்கு எழுதுகிறேன்.

மற்ற காரியங்கள். திருவனந்தபுரத்தில் ஏறினால் ஷார்ஜா, அங்கிருந்து திபிலிசி. திபிலிசியில் இறங்கி ரயிலில் ஐந்து மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் கடலோரமாகவே போகுமாம், இடதா வலதா என்று விசாரித்து உனக்கு அந்தப் பக்கம் சீட்டு எடுக்கிறேன். உப்பு அங்கேயே கிடைக்கும், தூக்கிக்கொண்டு வர வேண்டாம். குக்கர் நான் வாங்கிவிட்டேன், மூன்று லிட்டர். லேகா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் நிலைக்கு வந்தால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவளுக்கு இறங்காது. நாம் காலையில் வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்விடலாம். மத்தியானம் வரை நீ, அதன் பிறகு நான். சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிந்ததும் கடற்கரை வழியாக நடந்து வரலாம். உனக்குக் கடலைப் பார்க்கப் பிடிக்கும்.

துணி துவைக்க வீட்டுக்கார அம்மாளின் மிஷினை வாரம் ஒரு தடவை உபயோகிக்கலாம். காயத்தான் கஷ்டம். ஜன்னலுக்கு வெளியே கொடி கட்டியிருக்கிறார்கள், மழைக்குத் தப்பிக் காயப்போட வேண்டும். கயிறும் பத்துக் கிளிப்பும் வாங்கி வைத்திருக்கிறேன். இன்று முழுக்க இப்படியே எழுதிக்கொண்டிருக்கலாம் போலிருக்கிறது. சிவசைலத்தின் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

குமரகுருபரன்


கல்லிடைக்குறிச்சி
18.2.2025

அத்தானுக்கு,

எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை, அப்படியே இருக்கட்டும். கூப்பிட்டு ஏழு வருடமாகிறது, பேனாவுக்குக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தைச் சிவசைலத்துக்கும் வடிவம்மாளுக்கும் வாசித்துக் காட்டினேன். "கிளிப்பு வரைக்கும் எழுதியிருக்காவளே! இந்த மனுசனையா விட்டுட்டு வந்த?" என்று அவள் என்னைத் திட்டுகிறாள். அவளுக்கென்ன, நீங்கள் குக்கர் வாங்கியதை மட்டும் பார்க்கிறாள். இருந்தாலும் எனக்கும் அன்று கோபமாக எதையும் நினைக்க வரவில்லை.

ஆறு மணி ஆனால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. பேப்பர் கட்டோடு போய் உட்கார்ந்துவிடுகிறேன். பேசாமல் இருக்க முடியாமல் சும்மாவே வாசிக்கிறேன். அஃப்ராவுக்கு இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. பிள்ளை படிக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு மாற்றினால் தேறி வருவதாகத்தானே அர்த்தம்? நம் ஊரிலும் அப்படித்தானே? உங்களுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. அடுப்படியில் பாய் விரித்துப் படுக்க வேண்டாம். அந்த ஊர்க் குளிரில் தரையில் படுத்தால் உங்கள் இடுப்பு என்னாவது? பிறகு ஆஸ்பத்திரியில் இரண்டு பேரை நான் பார்க்க வேண்டும். அறைக்குள்ளேயே இருங்கள். கட்டில் சின்னதென்றால் மாற்றி மாற்றிப் படுத்துக்கொள்ளலாம், எப்படியும் பாதி நேரம் ஒருவர் லேகாவோடுதானே இருக்கப் போகிறோம். லேகா கண்ணைத் திறக்கும்போது நாம் இரண்டு பேரும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தால், ஏதோ தப்பான ஊருக்கு வந்துவிட்டோம் என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வாள் பாருங்கள்.

ஒரு வேண்டுதல் மாதிரிக் கேட்கிறேன். விசா வந்த அன்றைக்கே புறப்படுவோம். டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் நாள் பார்க்க வேண்டாம். என் வளையல்கள் இருக்கின்றன. எனக்குப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஞானம்


பாளையங்கோட்டை
20.2.2025

ஞானத்துக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

நமக்கு விசா இன்னும் வரவில்லை. வந்ததும் புறப்படுவோம். உன் வளையலுக்கு வேலை இல்லை. எனக்கும் ஒரு கோட்டு வாங்கிவிட்டேன். பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருக்கிறேன்.

லேகா அப்படியேதான் இருக்கிறாள்.

குமரகுருபரன்


பாளையங்கோட்டை
16.3.2025

ஞானத்துக்கு,

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ ஊருக்குப் போனதிலிருந்து வீட்டில் என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. போகும்போது, "பள்ளிக்கூடத்துல பரீட்சை முடியட்டும். மே மாசம் பெட்டியோட வந்துருதேன். இனி ஆளுக்கொரு மூலையில உக்காந்து என்ன செய்ய?" என்றாய். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உனக்குத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு உன்னை இந்த வீட்டுக்குள் கூப்பிட எனக்கு முடியவில்லை. வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி பெரிய டாக்டர் என்னோடு வீடியோவில் பேசினார். மூளை முழுக்க நின்றுவிட்டது, மூச்சு மிஷினால்தான் ஓடுகிறது, இனி திரும்பி வர வழியே இல்லை என்றார். இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதையேதான் சொன்னார். பெற்றவர்கள் வரும்வரை மிஷினை நிறுத்தாமல் வையுங்கள் என்று கெஞ்சினேன். இதயம் தானாக நிற்கும்வரை வைக்கிறோம், ஆனால் அது நம் கையில் இல்லை என்றார். வார்டு எதையும் மாற்றவில்லை. போனுக்குத் தடையும் இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம், போனை எடுக்க வேண்டாம் என்று அஃப்ராவிடம் கெஞ்சியது நான்தான். அவளைக் கோபிக்காதே.

நம் பக்கத்தில் ஒருவர் போய்விட்டால், "சீரியஸா இருக்கு, உடனே பொறப்படு" என்று சொல்லித்தானே பெண்டுகளை வரவழைக்கிறோம்? உன் அப்பா போனபோது உனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். வழியெல்லாம் உயிரோடு இருக்கிறார் என்ற நினைப்பிலாவது வரட்டும் என்று. நானும் அப்படியே உன்னைப் பத்தூமிவரை கூட்டிக்கொண்டு போய், அவள் கையை உன் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். தொண்ணூறு நாளும் அங்கே இருக்கப் போகிறோம் என்று நீ நம்பிக்கொண்டு வருவது நல்லது என்று நினைத்தேன்.

இதோடு முடிந்திருந்தால் நீ என்னை மன்னிக்கலாம். பிப்ரவரி பதினேழாம் தேதி உன் விசா வந்துவிட்டது. அன்றைக்கே என் விண்ணப்பத்தைக் காரணம் சொல்லாமல் நிராகரித்துவிட்டார்கள். நான் மறுபடி விண்ணப்பித்தேன். உன்னிடம் சொன்னால் நீ தனியாகப் புறப்பட்டுவிடுவாய், பாஷை தெரியாத ஊரில் தனியாக நின்று அதைக் கேட்பாய் என்று பயந்தேன். இது பாதி உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன். மறுநாள் உன் கடிதம் வந்தது, அத்தான் என்று. அந்த அறையில் உன்னோடு இருக்க எனக்கு ஆசை வந்துவிட்டது ஞானம். பிள்ளை போய்க்கொண்டிருக்கும்போது எனக்கு அந்த ஆசை வந்தது. இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம், நாலைந்து நாளில் என் விசாவும் வந்துவிடும் என்று உன் விசாத் தாளை மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன்.

இருபத்துநாலாம் தேதி காலையில் அவள் இதயம் நின்றது. அன்று உன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றேன். நீ வகுப்பிலிருந்து ஓடி வந்து, "வந்துட்டா?" என்று கேட்டாய். விசாவைத்தான் கேட்டாய். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வரும்வரை நீ கோட்டு, புளிக்காய்ச்சல் என்று பேசிக்கொண்டே வந்தாய்.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

குமரகுருபரன்


கல்லிடைக்குறிச்சி
22.3.2025

லேகாவின் அப்பாவுக்கு,

சிவசைலம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நின்றான். வாசித்துவிட்டு அவனை வீட்டுக்குப் போகச் சொன்னேன். நாலு நாளாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வடிவம்மாள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள்.

நேற்று நானே அஃப்ராவை அழைத்தேன். இந்தத் தடவை எடுத்தாள். பன்னிரண்டாம் தேதியிலிருந்து இருபத்துநாலாம் தேதிவரை தினமும் போய் உட்கார்ந்திருக்கிறாள். "கை கடைசி வரைக்கும் சூடாத்தான் இருந்துச்சு ஆன்ட்டி. ஆறு மணி ஆனா நான் புடிச்சுக்குவேன், நீங்க பேசுற நேரம்னு" என்றாள். பரீட்சைக்குப் படிக்கவும் இல்லையாம். அந்தப் பிள்ளையை நான் ஏன் கோபிக்கப் போகிறேன்?

பதினேழாம் தேதி விசா. பதினெட்டாம் தேதி புறப்பட்டிருந்தால் இருபதாம் தேதி போய்ச் சேர்ந்திருப்பேன். நாலு நாள் அந்தக் கை எனக்குச் சூடாகக் கிடைத்திருக்கும். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குப் புரிய வேண்டியதே இல்லை. மூளை நின்றுபோன பிள்ளைக்கும் பேப்பர் வாசித்திருப்பேன். அவளைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பினார்களே, அப்போது தொட்டுப் பார்த்தேன். அந்தக் குளிர் என் கையைவிட்டு இன்னும் போகவில்லை.

உங்களுக்கு ஆசை வந்ததை எழுதியிருந்தீர்கள். எனக்கும் வந்தது. மறைக்கவில்லை. ஒரே அறையில் இருங்கள் என்று எழுதியவள் நான்தானே. அதற்காக உங்களை நான் குறை சொல்லவில்லை.

மே மாதம் நான் வரவில்லை. இனி கடிதமும் வேண்டாம், சிவசைலத்திடம் கொடுக்காதீர்கள். அவளுடைய புத்தகங்களையும் துணிகளையும் அஃப்ரா ஜூலையில் ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறாள். உங்களுக்கு வேண்டியதை அவளிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விசாத் தாளை உங்களுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். பிள்ளை பிழைக்க மாட்டாள், உங்களுக்கு விசா இல்லை, இரண்டையும் பதினேழாம் தேதியே சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுதுகொண்டே தனியாகப் போயிருப்பேன். அவளை அனுப்பிவிட்டுத் திரும்பி வரும்போது, பாளையங்கோட்டைக்கு உங்களிடம்தான் வந்திருப்பேன்.

ஞானம்பாள்